ரத்தத்தில் ஸ்டாஃப் கிருமி: மார்த்தாண்டத்திலிருந்து எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். 12 வருடமாகச் சர்க்கரை. வலது குதிகாலில் ஒரு மாதமாக ஆறாத புண். போன வாரம் நடுங்கிக் காய்ச்சல் வந்து, இங்குள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளட் கல்ச்சரில் (ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு பாட்டிலிலும் ‘ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்று வந்திருக்கிறது. மெரோபெனம், வான்கோமைசின் இரண்டும் டிரிப்பில் போகின்றன. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்று ஆறாம் நாள். நாளை மறுநாள் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். ரத்தத்தில் கிருமி என்பதால் ரத்த நோய் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார் சித்தப்பா. துபாயில் இருக்கும் அண்ணன் உடனே திருவனந்தபுரம் கொண்டுபோ என்கிறான். அம்மாவுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போதும். ஒரு மாமா, இது லேப் தவறாக இருக்கும் என்கிறார். நாங்கள் யாரைத் தேடுவது? படுத்தே கிடப்பதால் அப்பாவுக்கு இடுப்பு வலி வேறு. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, அதற்கும் ஒட்டுமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இடுப்பு வலியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. படுத்துக் கிடந்ததால் வந்த வலியாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்டாஃப் ஆரியஸ் ரத்தத்தில் ஓடும் ஒருவருக்குப் புதிதாக முதுகோ இடுப்போ வலித்தால், முதுகெலும்பில் கிருமி குடியேறவில்லை என்று நிரூபிக்கும் வரை குடியேறியதாகவே எண்ணி நடக்க வேண்டும். இன்றைக்கே சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லுங்கள்: “சார், அப்பாவுக்கு இடுப்பு வலி அட்மிட் ஆனதுக்கு அப்புறம் வந்தது, ராத்திரியிலும் குறையல.” நடு முதுகெலும்பின் மேல் ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்த்து ஓர் இடத்தில் மட்டும் சுளீரென்று வலித்தால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே இதற்கு உதவாது, ஆரம்ப வாரங்களில் கோளாறே இல்லாதது போலத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. வேண்டும். அதுவும் மிக ஆரம்பத்தில் எடுத்தால் தெளிவில்லாமல் போகலாம்; வலி தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொன்று எடுப்பார்கள். கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் இறங்காமல் போவது இவற்றில் எது வந்தாலும் அது அந்த மணி நேரத்து அவசரம். தண்டுவடத்தைச் சீழ் அழுத்தினால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

ஆகவே நாளை மறுநாள் மாத்திரையோடு வீட்டுக்குப் போவது என்ற திட்டத்துக்கு என் பதில், வேண்டாம். காய்ச்சல் விட்டது நல்ல அறிகுறிதான், 72 மணி நேரத்துக்குள் விட்டது இன்னும் நல்லது. ஆனால் இந்தக் கிருமி விஷயத்தில் காய்ச்சல் மட்டுமே அளவுகோல் இல்லை. இது ரத்தத்தில் மிதந்துவிட்டுப் போகும் கிருமி இல்லை. இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு, இடுப்புக்குள் இருக்கும் பெரிய தசை என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மருந்து ஓடும் வரை அமுங்கிக் கிடந்து, நிறுத்தியபின் தலை தூக்கும். நல்ல ஆஸ்பத்திரிகளிலேயே இந்த நோயில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துபோகிறார்கள். அதனால்தான் இத்தனை கறார்.

லேப் தவறு என்ற மாமாவின் சமாதானத்தை இங்கேயே முடித்துவிடலாம். தோலில் சும்மா வாழும் வேறு வகை ஸ்டாஃப் கிருமிகள் உண்டு. ரிப்போர்ட்டில் ‘கோயாகுலேஸ் நெகட்டிவ்’ என்று இருந்து, பல பாட்டில்களில் ஒன்றில் மட்டும் வளர்ந்திருந்தால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து சேர்ந்ததாக இருக்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் அதை உண்மையான நோயாகவே எடுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இரண்டிலும் வந்திருக்கிறது. கிருமி உள்ளே போன வழியும் குதிகாலில் திறந்தே கிடக்கிறது.

இனி, யாரைத் தேடுவது. சித்தப்பா சொல்லும் ரத்த நோய் நிபுணர் ரத்தசோகை, ரத்தப் புற்றுநோய், ரத்தம் உறைதல் கோளாறு ஆகியவற்றைப் பார்ப்பவர். இது அவர் வேலை இல்லை. நீங்கள் தேட வேண்டியவர் தொற்றுநோய் சிறப்பு மருத்துவர். இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸ் டாக்டர், சுருக்கமாக ‘ஐ.டி. டாக்டர்’ என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் புரியும். எம்.டி. பொது மருத்துவம் முடித்தபின் மூன்று ஆண்டு டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. தொற்றுநோயியல் படித்தவர்கள் இவர்கள். இரண்டு ஆண்டு ஃபெலோஷிப் முடித்து நல்ல அனுபவத்தோடு இருப்பவர்களும் உண்டு. நெஞ்சக நோய் மருத்துவர், தோல் மருத்துவர், ‘காய்ச்சல் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு வைத்தவர் எல்லாம் வேறு. மைக்ரோபயாலஜி எம்.டி. படித்தவர் லேப்பில் கிருமியை அடையாளம் காண்பவர். கட்டிலருகே வந்து பொறுப்பேற்பவர் இல்லை என்றாலும், அவருடைய ஃபோன் நம்பர் உங்கள் டாக்டரிடம் இருப்பது பாதி பலம். ஸ்டாஃப் ஆரியஸ் நோயாளிகளை ஐ.டி. டாக்டர் நேரில் பார்த்தால் இறப்பு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதில் மாயம் எதுவும் இல்லை. கீழே சொல்லும் நாலைந்து காரியங்களை அவர்கள் மறக்காமல் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலாவது, மறு கல்ச்சர். மருந்து தொடங்கிய 2 முதல் 4 நாட்களுக்குள் மறுபடி ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். கிருமி வந்தால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மீண்டும், அது வராமல் போகும் வரை. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எடுக்கவில்லை என்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை, இரண்டு கைகளில் தனித்தனியாகக் குத்தி இரண்டு செட். சிறிய இடங்களில் 3 மில்லி எடுத்து ஒரே பாட்டிலில் விடும் வழக்கம் இருக்கிறது. அப்படி எடுத்ததில் கிருமி வராவிட்டால் அந்த ‘நெகட்டிவ்’ எதையும் சொல்லாது. ஏற்கெனவே மாட்டியிருக்கும் கானுலா வழியாகவும் எடுக்கக் கூடாது. இந்த மறு கல்ச்சர் இல்லாமல் சிகிச்சை எத்தனை நாள் என்று யாராலும் கணக்குப் போட முடியாது, ஏனென்றால் முதல் நாள் என்பது மருந்து தொடங்கிய நாள் இல்லை. கிருமி வளராத முதல் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த தேதிதான் முதல் நாள்.

இரண்டாவது, எக்கோ. எல்லோருக்கும் நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோ. மறு கல்ச்சரிலும் கிருமி வந்தாலோ, இதயத்தில் புதிதாக முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலோ, பேஸ்மேக்கர், செயற்கை வால்வு இருந்தாலோ, உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எக்கோ. ‘எக்கோ நார்மல், பம்பிங் 60 சதவீதம்’ என்று ஒரு வரியில் வரும் ரிப்போர்ட்டால் திருப்திப்படாதீர்கள். வால்வில் கிருமித் திட்டு இருக்கிறதா என்பதே கேள்வி, எக்கோ எழுதிக்கொடுக்கும்போது சீட்டில் அதைக் குறிப்பிட்டால்தான் பார்ப்பவர் அதைத் தேடுவார்.

மூன்றாவது, மருந்து. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டித் தாளில் ‘செஃபாக்சிட்டின்’ அல்லது ‘ஆக்சசிலின்’ என்ற வரியைப் பாருங்கள். அதற்கு நேரே எஸ் என்று இருந்தால் சாதாரண ஸ்டாஃப், எம்.எஸ்.எஸ்.ஏ. என்பார்கள். ஆர் என்று இருந்தால் அந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. எது என்று தெரியாத முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வான்கோமைசினும் மெரோபெனமும் சேர்த்துக் கொடுத்தது நியாயமே. தெரிந்தபின்னும் அதையே தொடர்வதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் பிழை. எம்.எஸ்.எஸ்.ஏ. என்றால் வான்கோமைசின், பெரிய மருந்து போலத் தோன்றினாலும், கிருமியை மெதுவாகக் கொல்லும் மருந்து. செஃபாசோலின் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது க்ளாக்சசிலின் 2 கிராம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இவைதான் முதல் தேர்வு. சிறுநீரகம் பாதித்திருந்தால் செஃபாசோலின் அளவு மாறும். மெரோபெனத்தைவிட மிக மலிவானது இந்தச் செஃபாசோலின். ஆபரேஷனுக்கு முன் ஒரு டோஸ் போடும் மருந்தாகவே பல கடைகள் அதை வைத்திருப்பதால், ஒரு வாரத்துக்குத் தேவையானது கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் செஃபாசோலின் என்ற வரியே இல்லாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். செஃபாக்சிட்டின் எஸ் என்றால் செஃபாசோலினுக்கும் கட்டுப்படும் என்றே டாக்டர்கள் வாசிப்பார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் வான்கோமைசின் அல்லது டாப்டோமைசின். வான்கோமைசின் ஓடும்போது ரத்தத்தில் அதன் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகம் சீக்கிரம் அடிவாங்கும்.

நான்காவது, புண். குதிகாலில் சீழோ செத்த சதையோ இருக்கும்வரை எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. சர்ஜன் பார்த்து, மழுங்கிய கம்பியால் புண்ணின் ஆழத்தைத் தொட்டு, எலும்பு தட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். தட்டினால் எலும்பிலும் தொற்று இருக்க வாய்ப்பு மிக அதிகம். இங்கேயும் எக்ஸ்ரே இரண்டு வாரம் பின்தங்கியே காட்டும்.

இதெல்லாம் சேர்ந்துதான் காலத்தை முடிவு செய்கிறது. மறு கல்ச்சர் சுத்தம், எக்கோ சுத்தம், 72 மணிக்குள் காய்ச்சல் விட்டது, உடலில் செயற்கைப் பொருள் இல்லை, வேறெங்கும் குடியேறவில்லை என்று எல்லாமே சாதகமாக இருந்தால் குறைந்தது 14 நாள் ஊசி. ஒன்று பிசகினாலும் 4 முதல் 6 வாரம். முதுகெலும்பு என்றால் 6 வாரத்துக்குக் குறையாது. சர்க்கரை, ஒரு மாதப் புண், இடுப்பு வலி மூன்றும் உள்ள உங்கள் அப்பா நீண்ட கணக்கில் வருவார் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கிருமி வந்து 7 நாளில் சரியானதே என்று யாராவது சொல்வார்கள். அது ஈ.கோலை போன்ற வேறு கிருமியாக இருந்திருக்கும். 2024இல் வெளியான பேலன்ஸ் என்ற பெரிய ஆய்வு, 7 நாள் சிகிச்சை பலனில் 14 நாள் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது உண்மை. அந்த ஆய்வில் ஸ்டாஃப் ஆரியஸ் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை.

எங்கே போவது என்ற வீட்டுச் சண்டைக்கு வருவோம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே போவது, மூச்சு நிமிடத்துக்கு 22க்கு மேல் வாங்குவது, பேச்சில் குழப்பம், 60 கிலோ ஆளுக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் நிபுணரைத் தேடி மலையாளக் கரைக்கு ஓடக் கூடாது. அருகில் ஐ.சி.யு. எங்கே காலியோ அங்கே முதலில். அந்த நிலையில் அம்மா சொல்வதுதான் சரி, ஆசாரிப்பள்ளம். உங்கள் அப்பா நிலையாக இருப்பதாகத் தெரிகிறது, எம்.ஆர்.ஐ., எக்கோ, சர்ஜன், ஐ.டி. டாக்டர் நால்வரும் ஒரே கூரைக்குக் கீழ் வேண்டியிருப்பதால், அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயருக்காக இல்லை. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொற்றுநோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. அங்குள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் ஐ.டி. டாக்டர்கள் இருக்கிறார்கள். தனியார் இடத்தில் கேட்கும்போது, “ஐ.டி. டாக்டர் இருக்காங்களா” என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தினமும் வார்டுக்கு வருகிறாரா, வாரத்தில் இரண்டு நாள் ஓ.பி. மட்டும் பார்க்கிறாரா என்று கேளுங்கள். யாராவது ஸ்ரீசித்திராவுக்குப் போகச் சொன்னால், அது இதயத்துக்கும் நரம்புக்குமான நிறுவனம். வால்வில் அறுவை தேவைப்படும் கட்டத்தில் அங்கே எழுதித்தருவார்கள், தொற்றுக்காக நேரே போய் நிற்கும் இடம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் தொற்றுநோய்த் துறை பேர் பெற்றதுதான், ஆனால் டிரிப் ஏற வேண்டிய ஆளை ஓர் இரவு முழுக்க ரயிலில் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாற்றுவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. உங்கள் டாக்டரே ஓர் ஐ.டி. டாக்டரிடம் ஃபோனில் பேசிக் கருத்துக் கேட்கலாம். “சார், ஒரு ஐ.டி. ஒப்பீனியன் எடுத்துத் தர முடியுமா, நாங்க எங்கேயும் போகணும்னு சொல்லல” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இடுப்பு எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்து, மறு கல்ச்சரும் எக்கோவும் சுத்தமாக வந்தால், அந்த ஆலோசனையோடு மார்த்தாண்டத்திலேயே சிகிச்சையை முடிக்கலாம். ஒரு நல்ல எம்.டி. பொது மருத்துவரும், சொன்னதைக் கேட்கும் லேப்பும் இருந்தால் போதும். தமிழக நலவாழ்வு ஆலோசனை எண் 104, கேரளத்தின் திஷா எண் 1056. எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவு என்று விசாரிக்க இவற்றைப் பயன்படுத்தலாம்.

போவதென்று முடிவானால், அங்கே படுக்கை உண்டு என்று ஒருவர் பெயரோடு உறுதி செய்தபின் கிளம்புங்கள். கையில் இருக்க வேண்டியவை: கல்ச்சர் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், கிருமியின் பெயர் உள்ள முதல் பக்கம் மட்டும் இல்லை. ஒவ்வொரு மருந்தும் எந்தத் தேதி, எந்த மணிக்குத் தொடங்கியது, கடைசி டோஸ் எப்போது, கிரியாட்டினின், தட்டணுக்கள், எக்கோ. இதையெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள், ‘ஐ.வி. ஆன்டிபயாட்டிக்ஸ் கொடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. வளர்த்த கிருமியை எறியாமல் வைத்திருக்கும்படி லேப்பில் சொல்லிவிடுங்கள். சில நாளில் அழித்துவிடுவார்கள், பின்னால் கூடுதல் சோதனை தேவைப்பட்டால் மூலமே இருக்காது. களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அடுத்த டோஸைப் போட்டபின் ஆம்புலன்ஸ் ஏற்றுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதை முன்பணம் கட்டும் முன் அங்குள்ள காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாரக்கணக்கில் ஊசி என்றதும் அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டுமா என்று தோன்றும். வேண்டியதில்லை. முதல் கட்டம் கடந்தபின் மேல்கையில் நீளக் குழாய் ஒன்று போட்டு, பிக் லைன் என்பார்கள், வீட்டுக்கு அருகில் உள்ள சிறு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளலாம். செஃபாசோலின் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதால் இரவு டோஸ்தான் தகராறு. அதற்காகச் சிலர் தினம் ஒருமுறை செஃப்ட்ரையாக்சோனுக்கு மாற்றுவார்கள். வசதிதான், ஆனால் இரண்டாம் தரம். முதுகெலும்போ வால்வோ சம்பந்தப்பட்டால் அதற்கு எளிதில் சம்மதிக்காதீர்கள். ஆபத்துக் குறைந்த சிலருக்கு ஒரு வாரம் ஊசிக்குப்பின் மாத்திரைக்கு மாற்றலாம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. அது மறு கல்ச்சர், எக்கோ எல்லாம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு. லினசோலிட் மாத்திரை எழுதினால் வாரம் ஒருமுறை தட்டணுக்களைப் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்குமேல் அவை சரியத் தொடங்கும். மருந்து முடிந்தபின் 3 மாதம் வரை காய்ச்சல், முதுகு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் புதிய ஆன்டிபயாட்டிக் தொடுவதற்கு முன் பிளட் கல்ச்சர்.

உங்கள் பக்கத்தவர்களுக்காக இன்னொன்று. மழைக்காலத்தில் சேற்றிலும் தோட்டத்திலும் நிற்கும் சர்க்கரைக்காரர்களுக்கு மெலியாய்டோசிஸ் என்ற வேறு ரத்தத் தொற்றும் வரும். சில லேப்கள் அதன் கிருமியான பர்க்கோல்டேரியாவைச் ‘சூடோமோனாஸ்’ என்று தவறாக எழுதிவிடும். நடுக்கக் காய்ச்சலோடு ஈரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி தெரிந்து, கல்ச்சரில் சூடோமோனாஸ் என்று வந்தால், “இது பர்க்கோல்டேரியா இல்லைன்னு உறுதியா?” என்று கேளுங்கள். அதற்கு ஊசிக்குப்பின் மூன்று மாதமாவது மாத்திரை வேண்டும்.

குழந்தைக்கு ஒட்டுமா? ரத்தத்தில் இருக்கும் கிருமி, பக்கத்தில் உட்காருவதாலோ தொடுவதாலோ பரவாது. புண்ணில் வடியும் சீழ் பரப்பலாம். கட்டு மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவியபின் குழந்தையைத் தூக்கட்டும். அப்பாவின் துண்டு, சவரக் கத்தி தனியாக இருக்கட்டும். குழந்தையின் தோலில் சீழ்க் கொப்புளம் எதுவும் வந்தால் மருந்துக் கடையில் களிம்பு வாங்காமல் குழந்தை டாக்டரிடம், தாத்தாவுக்கு ஸ்டாஃப் இருக்கிறது என்ற தகவலோடு காட்டுங்கள். மற்றபடி தாத்தா மடியில் பேரப்பிள்ளை உட்கார எந்தத் தடையும் இல்லை, குதிகால் கட்டை மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.